பூர்வீக வீடும் பிரிவு 23உம்

பூர்வீக வீட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கென்று ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. முதலில் திண்ணை வரும். பிறகு தேக்குத் தூண்கள், முற்றத்தில் விழும் மழை, மச்சில் அடுக்கிய பித்தளைப் பாத்திரங்கள், கிணற்றடிச் செம்பருத்தி. நடுவில் ஒரு மரணம். அதன் பின் 'காலம் மாறியது' என்றொரு வாக்கியம். இறுதிப் பத்தியில் வீடு விற்கப்பட்டிருக்கும், அல்லது இடிக்கப்பட்டு அங்கே ஒரு வணிக வளாகம் எழும்பியிருக்கும். எழுதியவர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுவார். வாசகர் நெகிழ்வார்.

ராஜபாளையத்துக்காரனாகிய எனக்கும் இந்த வகைக் கட்டுரைகள் பிடிக்கும். அண்மையில் இவற்றில் பத்துப் பதினைந்தை ஒருசேர வாசிக்க நேர்ந்தபோதுதான் ஒன்று உறுத்தியது. வீட்டை இழந்து துயருறுபவர் எப்போதும் ஒரு மகன். வீடு எதனால் போயிற்று என்பதற்கான விடை அரை வாக்கியமாக எங்கோ ஒளிந்திருக்கும்: 'அத்தைகள் பங்கு கேட்டதால்', 'அக்காக்கள் ஒத்துக்கொள்ளாததால்', இன்னும் நாசூக்கானவர்களிடம் 'சில குடும்பச் சூழல்களால்'. அந்த அரை வாக்கியத்தின் மீதுதான் எனக்கு வழக்கு.

அக்காவும் அதே வீட்டில் பிறந்தவள்தானே? அவள் எப்போது அந்த வீட்டை இழந்தாள்? தம்பிக்கு நாற்பத்தைந்து வயதில் நேர்ந்த இழப்பு அவளுக்கு இருபத்திரண்டு வயதில் நேர்ந்துவிட்டது. அன்று மேளம் வாசித்தார்கள், பந்தி வைத்தார்கள். அவள் படுத்த அறையில் மறுமாதமே நெல் மூட்டை ஏறியது. அதைக் குறித்து ஒருவரும் இரங்கற்பா எழுதவில்லை. பெண் என்றால் போகத்தான் வேண்டும் என்ற ஒரே சொல்லில் அந்த இழப்பு இயற்கையின் கணக்கில் சேர்க்கப்பட்டது. மகன் இழந்தால் பண்பாட்டின் வீழ்ச்சி. மகள் இழந்தால் சுபகாரியம். நம் ஏக்க இலக்கியம் நிற்கும் அடித்தளம் இது.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது எந்த ஊருக்குப் பக்கத்தில்? ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண் குழந்தையை மகளாக வளர்த்த ஒரு தகப்பனின் ஊர். பெரியாழ்வார் வாழ்ந்த இல்லம் இருந்த இடமே இன்றைய ஆண்டாள் சன்னிதி என்று மரபு சொல்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் நாச்சியார் திருமாளிகை. தகப்பனின் வீடு மகளின் பெயரால் அறியப்படுகிறது என்பதை ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் வடம் பிடித்துக் கொண்டாடுகிறோம். கொண்டாடிவிட்டு, ரத வீதியில் ஆண்டுக்கு ஒருமுறை தேர் பார்ப்பதற்காகத் திறக்கப்படும் வீட்டின் திண்ணையில் அமர்ந்து, 'பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் பங்கு கேட்கிற புத்தி எப்படித்தான் வந்ததோ' என்று பேசுகிறோம். (தேரன்று மட்டும் பெருக்கித் துடைக்கப்படும் அந்த வீடுகளைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.)

இனி சட்டத்துக்கு வருவோம். இலக்கியம் பேச வந்த இடத்தில் சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் கட்டுரைகளின் உணர்ச்சி முழுவதும் ஏற்கெனவே ஒரு சட்டப் பிரிவாக எழுதப்பட்டிருந்தது என்பதே என் வாதம்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சம்பாத்தியச் சொத்தில் மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. இறந்தவரின் தாய் முன்பே காலமாகிவிட்டார், மனைவியும் இரண்டு மகன்களும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 'சுயார்ஜிதச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு கிடையாது, பூர்வீகத்தில்தான் உண்டு' என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் இன்றும் சட்டம் பேசுவோர் இருக்கிறார்கள். சுயார்ஜிதச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில்தான் அவள் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்த உரிமை 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அத்தேதிக்கு முன் மணமாகாத மகள்களுக்கு மட்டும். 2005இன் மத்தியத் திருத்தம் திருமணத்தை வைத்துப் பிரித்த அந்தக் கோட்டை அழித்தது. திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது 1929இல். 1931இல் அவ்வியக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு எங்கள் விருதுநகரிலேயே நடந்தது. ஆக, கேள்விப்படாத புதுமை எதுவும் எங்கள் வட்டாரத்துக்குள் திடீரென்று நுழைந்துவிடவில்லை.

ஆனால் 1956இன் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடித்து வைத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அது பிரிவு 23. ஆண் வாரிசும் பெண் வாரிசும் இருந்து, விட்டுச்சென்ற சொத்தில் குடும்பத்தார் முழுமையாகக் குடியிருக்கும் வீடும் இருந்தால், ஆண் வாரிசுகள் தங்கள் பங்குகளைப் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பாகம் கேட்க முடியாது. நிலத்தைக் கேட்கலாம், கடையைக் கேட்கலாம், வீட்டை மட்டும் கேட்கக் கூடாது. குடியிருக்கும் உரிமை உண்டு என்று ஒரு சலுகையும் வைத்திருந்தார்கள். மகள் என்றால், அவள் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால்தான் அதுவும். அதாவது வாழ்க்கை உடைந்திருந்தால் வீட்டுக்குள் வரலாம். நன்றாக வாழ்கிறாயா? வாசலோடு நின்றுகொள். ஒரே மகன் இருக்கும் வீட்டுக்கும் இந்தத் தடை பொருந்தும் என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. தன்னிடமிருந்தே தன் பங்கைப் பிரித்துக்கொள்ள ஒற்றை மகன் என்றைக்கு முடிவெடுப்பான்!

இந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் சட்ட ஆணையம் தன் 174ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் அது சட்டப் புத்தகத்தில் இல்லை. நம் கட்டுரைகளில் இருக்கிறது. 'வீடு என்பது வெறும் சொத்து அல்ல, அதைக் கூறுபோடலாகாது, மகன்களாகப் பார்த்து முடிவெடுக்கும்வரை மகள்கள் பொறுத்திருக்க வேண்டும்' என்பதைத்தானே முற்றத்து மழையும் தேக்குத் தூணும் கலந்து நாம் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்? நாடாளுமன்றம் நீக்கிய பிரிவுக்கு நாம் உரைநடையில் உயிர் கொடுக்கிறோம்.

வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். சேகர் எதிர் கீதா என்ற பெயரில் சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் சென்றது. தகப்பன் 1996இல் இறந்தார். மகள்கள் வீட்டில் பாகம் கேட்டார்கள். மகன் இரண்டு ஆயுதங்களை எடுத்தார். ஒன்று, தகப்பன் தனக்கு எழுதியதாக ஓர் உயில், அது நிரூபிக்கப்படவில்லை. மற்றொன்று பிரிவு 23. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2005இல் அந்தப் பிரிவு நீங்கியது. நீக்கம் முந்தைய வழக்குக்குச் செல்லாது என்று மகன் தரப்பு வாதாடியது. பெண்ணுக்கு உரிமை தகப்பன் இறந்த அன்றே பிறந்துவிட்டது, பிரிவு 23 அதைச் செயல்படுத்த முடியாமல் வைத்த ஒரு முடக்கம் மட்டுமே, முடக்கம் போன பின் அதைக் காட்டித் தடுக்க இயலாது என்ற பொருளில் 2009இல் உச்ச நீதிமன்றம் மகள்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தகப்பன் இறந்து பதின்மூன்று ஆண்டுகள். இந்த ஆண்டுகளில் அந்தப் பெண்களைப் பற்றி உறவினர் வீட்டு விசேஷங்களில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க நமக்குப் பெரிய கற்பனை தேவையில்லை.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். முதலில், மிக உரக்கச் சொல்லப்படுவது: 'அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்றே, பிறகென்ன பங்கு?' நகையும் ரொக்கமும் யார் கைக்குப் போயின என்பதைச் சொல்பவர்களே அறிவார்கள். பெண்ணின் பெயரில் கொடுத்து மாப்பிள்ளை வீட்டின் கடனை அடைத்ததைப் பங்கு என்று கணக்கெழுதுவது எவ்வகை அறம்? சீரையே பங்காக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு மலைக்கு அந்தப்புறம் ஒரு சட்டமே இருந்தது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி வழியாகப் போனால் வரும் செங்கோட்டைகூட 1956இல் மாநில எல்லைகள் திருத்தப்படும்வரை அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு உரியது மகனின் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அதற்கு இட்ட பெயர் ஸ்திரீதனம். மேரி ராய் தன் இரண்டு குழந்தைகளோடு கணவனைப் பிரிந்து, இறந்துபோன தகப்பனின் ஊட்டி வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, தாயும் சகோதரரும் அவரை வெளியேற்ற வந்தார்கள். அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் செல்லாது என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதால் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடிந்தது. அதே பெண்மணிதான் பின்னாளில் உச்ச நீதிமன்றம் சென்று 1986இல் அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கினார். மகளை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்ன அந்த நாள் நடந்தது நம் மாநிலத்தில் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வாதம், 'அவளுக்காகத் தோன்றியதல்ல, மாப்பிள்ளை தூண்டிவிட்டார்'. இதற்கு மறுமொழி சொல்வதே வீண். கையெழுத்துப் போடும்போது சொந்தப் புத்தியுள்ளவளாகவும் கேட்கும்போது புத்தியில்லாதவளாகவும் ஒரே பெண்ணை எப்படித்தான் பார்க்க முடிகிறதோ.

மூன்றாவது வாதம் நேர்மையானது. அதை நான் எளிதாகத் தாண்டிச் செல்ல விரும்பவில்லை. ஊரோடு தங்கி, பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகனுக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோன மகளுக்கும் ஒரே அளவா? இந்த ஊர் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, அப்பாவை மதுரை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைக்கழித்த மகன்களை எனக்குத் தெரியும். கூரைக்கு ஓடு மாற்றியதும், வரி கட்டியதும், கிணறு தூர்வாரியதும் அவர்கள் கைக்காசு. சமபங்கு என்ற சொல் அவர்கள் காதில் அவமதிப்பாக விழுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு கேள்விகள். ஒன்று, அந்தக் கவனிப்புக்குக் கணக்கு இருக்கிறதல்லவா? செலவைப் பட்டியலிட்டு, பொதுச் சொத்திலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பிரிப்போம் என்றால் எத்தனை சகோதரிகள் மறுக்கப்போகிறார்கள்? கணக்கு வைக்க மறுப்பவர்கள் பெரும்பாலும் மகன்களே. ஏனெனில் கணக்கு வைத்தால் அது முழு வீட்டின் விலைக்கு வராது. இன்னொன்று, பார்த்துக்கொண்டது யார்? படுக்கையில் கிடந்த மாமியாருக்குத் துணி மாற்றியவள் அந்த மகனின் மனைவி. அவளுக்கு அந்த வீட்டில் வாரிசு என்ற முறையில் ஒரு செங்கல்கூட இல்லை. அவளுடைய பங்கு எங்கோ அவள் அண்ணன் வீட்டில் இதே வாதங்களால் மறுக்கப்பட்டிருக்கும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு வீட்டில் உழைக்கிறாள், இன்னொரு வீட்டில் கையெழுத்துப் போடுகிறாள்.

சென்னையில் இருக்கும் அண்ணனும் அமெரிக்காவில் இருக்கும் தம்பியும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாதவர்கள்தாமே? அவர்களிடம் யாரும் பங்கை விட்டுத்தரச் சொல்வதில்லை. ஆகவே இது கவனிப்பின் கணக்கே இல்லை.

கையெழுத்து என்றேனே, அதன் பெயர் விடுதலைப் பத்திரம். தமிழில் இதைவிடக் கசப்பான நகைச்சுவை கொண்ட சொல் குறைவு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அக்காவை அழைத்துப் போவார்கள். 'ஒரு கையெழுத்துதானே அக்கா, போட்டுவிட்டு நேரே ஓட்டலுக்குப் போய்விடலாம்.' பத்திர எழுத்தர் 'அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு' என்று எழுதியிருப்பார். குடும்பத்தாருக்குள் நடக்கும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடுதான். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் இதே சலுகை உண்டு என்பதை மட்டும் அக்காவிடம் யாரும் சொல்வதில்லை.

அவள் ஏன் கையெழுத்துப் போடுகிறாள் என்பது சட்ட நூல்களில் இருக்காது. மறுத்தால் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வராது. பேத்தியின் காதுகுத்துக்கு மடி இருக்காது. நாளைக்குக் கணவன் வீட்டில் ஒரு வார்த்தை பிசகினால் 'எனக்கும் ஆள் இருக்கிறது' என்று சொல்ல முடியாது. பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த வீட்டையே எழுதிக் கொடுக்கிறாள். இந்தப் பேரத்துக்கு நாம் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்த அக்காவைப் பற்றி ஏக்கக் கட்டுரைகளில் ஒரு வரி வரும்: 'பெருந்தன்மையானவள்.' கேட்ட அக்காவுக்கு அந்த அரை வாக்கியம்.

இனி அந்தப் பூட்டிய வீடுகள். மகன்கள் வெளியூரில். விற்க மனமில்லை. பிரிக்கவும் மனமில்லை. 'அப்பா நினைவாக இருக்கட்டும்' என்பார்கள். ஐப்பசி மழையில் ஓடு சரிகிறது, கார்த்திகையில் கறையான் ஏறுகிறது, முற்றத்தில் எருக்கு முளைக்கிறது. இதே ஊரில், ஐந்தாவது தெருவில், அந்த வீட்டின் மகள் வாடகை வீட்டில் இருக்கிறாள். பூட்டி வைத்திருப்பதையும் ஒரு முடிவாகவே நான் பார்க்கிறேன். ஆண் வாரிசுகள் பிரிக்க எண்ணும்வரை காத்திரு என்ற பழைய பிரிவின் செயல்வடிவம் அது. பூட்டுக்குத் திருத்தச் சட்டம் கிடையாது. தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர் இது. கொடுத்தது அவருடையது, ஆகவே அவரால் கொடுக்க முடிந்தது. அப்பாவின் நினைவுக்காக அக்காவின் ஐந்தில் ஒன்றை இருட்டில் வைத்திருப்பவர்கள் எதைத் தியாகம் செய்கிறார்கள்?

அப்படியானால் எல்லா வீடுகளையும் விற்றுவிடச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். வீட்டின் மீது பற்று இருப்பவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்கிறேன். வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 22 அதற்கு வழி வைத்திருக்கிறது: முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் தம் பங்கைக் கைமாற்ற நினைத்தால் மற்றவர்களுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு, விலையில் உடன்பாடு இல்லையெனில் நீதிமன்றம் நிர்ணயிக்கும். வழக்காகவே போனாலும், கூறுபோட இயலாத வீட்டை விற்கச் சொல்லும் அதிகாரத்தையும், விற்கும்முன் பங்குதாரர் மதிப்பீட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பையும் 1893இன் பாகப்பிரிவினைச் சட்டம் தந்திருக்கிறது. மாவட்டத் தலைநகர் விருதுநகரானாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே படியேறுவதற்குள் ஒரு மதிப்பீட்டாளரை அழைத்து விலை போட்டுவிட்டால் பாதிச் சண்டைகள் நின்றுவிடும். பற்றுக்கு விலை கேட்டவுடன் பல மகன்களின் பற்று தணிந்துவிடும் என்பது என் சந்தேகம்.

பிரிவு 22இல் மகன் என்றோ மகள் என்றோ இல்லை. வாரிசு என்றுதான் இருக்கிறது. ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இதைக் கண்டுகொண்டவர் மூத்த அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை. விடுதலைப் பத்திரத்தோடு வந்த தம்பிகளிடம், 'உங்கள் பங்குகளுக்கு என்ன விலை? நான் எடுத்துக்கொள்கிறேன்' என்றார். இதுவரை வீட்டை விற்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். 'அப்படிச் செய்தால் வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடுமே அக்கா' என்றார் இளையவர். அந்த வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அந்த அக்கா. பேச்சு இன்னும் முடியவில்லை. சென்ற மாதம் மதிப்பீட்டாளர் வந்து, புறவாசல்வரை நாடா பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.